விரிசல் பார்க்கப் போன ஊர்

பிலடெல்பியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் வரிசையில் நின்று பார்ப்பது ஒரு விரிசலை. லிபர்ட்டி பெல் என்னும் அந்த வெண்கல மணி விரியாமல் இருந்திருந்தால், இத்தனை கூட்டம் அதைத் தேடி வருமா என்பது சந்தேகம்தான். நானும் வரிசையில் நின்றேன், படம் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பயணத்தில் நான் அதிகம் பார்த்தவை சுவரிலும் தரையிலும் கூரைக்கு அடியிலும் இருந்த விரிசல்கள். அவற்றுக்கு வரிசை கிடையாது. காட்டித் தர ஓர் ஆள் மட்டும் வேண்டும்.

அந்த ஆள் என் தங்கை மகன் மூலமாகக் கிடைத்தார். பிலடெல்பியாவின் மேற்குப் புறநகரில் வேலை பார்க்கும் அவன், வீடு வாங்க அலைந்துகொண்டிருந்த நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். "மாமா, நாளைக்கு வீட்டைச் சோதிச்சுப் பார்க்க ஒருத்தர் வர்றார். நீங்களும் வாங்க. மூணு மணி நேரமாவது ஆகும். போரடிச்சா கார்ல உட்கார்ந்துக்கலாம்" என்றான். கார் பக்கமே நான் போகவில்லை.

விலை பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, குறித்த கெடுவுக்குள் வாங்குகிறவர் தன் செலவில் ஒரு பரிசோதகரை அழைத்து வந்து வீட்டைக் காட்டுவது அமெரிக்காவில் வழக்கம். அவருடைய அறிக்கையை வைத்துக்கொண்டு பழுதைச் சரிசெய்து தரக் கேட்கலாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம், விலகியும் விடலாம். இந்தத் தொழிலுக்கு ஒரு தேசியச் சங்கம் 1976இல் உருவானது. பென்சில்வேனியா மாநிலம் 2000ஆம் ஆண்டில் இதற்கென்று சட்டமே போட்டது. பரிசோதகர் சுவரை உடைக்கமாட்டார், கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதை மட்டுமே பார்ப்பார். வாங்கு என்றும் சொல்லமாட்டார், வாங்காதே என்றும் சொல்லமாட்டார். குறை கண்ட வீட்டில் தானே பழுதுவேலையை எடுக்கவும் கூடாது. எடுக்கலாம் என்றிருந்தால் ஊரில் எல்லா வீட்டிலும் குறை பெருகியிருக்கும்.

வந்தவர் அறுபதைத் தாண்டியவர். தெற்கு பிலடெல்பியாவில் கொத்தனார் வேலை பார்த்து, பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். டார்ச், ஈரம் அளக்கும் மீட்டர், பிளக்கைச் சோதிக்கும் கருவி, ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஏணி. இவ்வளவுதான் அவர் மூட்டை. கைகுலுக்கியதும் கேட்ட முதல் கேள்வி, வீடு எந்த வருடம் கட்டியது என்பது. "வருடத்தைச் சொன்னால் பாதி அறிக்கையை இங்கே நின்றபடியே எழுதிவிடலாம். மீதிப் பாதிக்குத்தான் உள்ளே போக வேண்டும்" என்றார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் நான் சுற்றினேன்.

அவர் சொற்படி, மிகப் பழையதிலிருந்து தொடங்கினேன். டெலவேர் ஆற்றுக்குப் பக்கத்தில் எல்ஃப்ரெத்ஸ் ஆலி என்று ஒரு சந்து இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1836 வரை கட்டிய 32 செங்கல் வீடுகள். அருங்காட்சியகமாக இருக்கும் ஓரிடம் தவிர மற்றவற்றில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கதவுக்கு மேலே சில வீடுகளில் உலோகத் தகடு பதித்திருக்கும். நான்கு கைகள் ஒன்றையொன்று மணிக்கட்டில் பற்றியிருக்கும் தகடு ஒன்று, பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் 1752இல் தொடங்கிய தீ காப்பீட்டுச் சங்கத்தின் அடையாளம். காப்பீடு தருவதற்கு முன் அந்தச் சங்கம் ஆள் அனுப்பி வீட்டை அளந்தது. சுவர் எத்தனை கனம், படிக்கட்டு எங்கே, கூரை எதனால் ஆனது என்று எழுதி வைத்தது. வீட்டு வாசலில் மரம் இருந்தால் தீயணைப்புக்கு இடைஞ்சல் என்று 1781இல் அத்தகைய வீடுகளை ஒதுக்கியது. மரத்தை வெட்ட மனமில்லாதவர்கள் சேர்ந்து 1784இல் இன்னொரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் பதித்த தகட்டில் இருப்பது ஒரு மரம். இன்றைய பரிசோதகரின் முப்பாட்டன் இந்தச் சந்துகளில்தான் அளவுகோலுடன் நடந்திருக்க வேண்டும்.

இந்த வயது வீட்டில் பரிசோதகர் முதலில் சுவருக்கு ஓரமாக நின்று, சுவரோடு கண்ணை ஒட்டிப் பார்க்கிறார். நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா? செங்கல் சுவரின் முகத்தில் நட்சத்திர வடிவில் இரும்புத் தகடுகள் தெரிந்தால், அவை அலங்காரம் அல்ல. வெளியே சாயும் சுவரை உள்ளே இருக்கும் உத்தரத்தோடு கம்பியால் இழுத்துக் கட்டியதன் முடிச்சு. உத்தரத்தின் நுனி சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்து மரம் உளுத்திருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் அங்கே குத்திப் பார்க்கிறார். விரிசலுக்குள் பழைய பெயின்டும் தூசியும் இருந்தால் அது ஓய்ந்துபோன விரிசல். விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் இப்போதும் வளர்கிறது என்று பொருள். நூறு வருடமாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் தரையைக் கண்டு அவர் கவலைப்படுவதில்லை. புதிதாகச் சாயும் தரைதான் அவரை நிறுத்துகிறது.

பழைய சுவருக்குப் பெரிய கேட்டைச் செய்தது காலம் அல்ல, பிற்காலத்து மேஸ்திரி. அந்தச் செங்கல்லைக் கட்டியது சுண்ணாம்புக் காரையில். சுண்ணாம்பு மென்மையானது. சுவருக்குள் போன ஈரம் அந்த இடுக்குகள் வழியாகவே வெளியேறிவிடும். போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். பிறகு வந்தவர்கள் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, உறுதியாக இருக்கட்டும் என்று இடுக்கில் சிமென்ட்டை அடைத்தார்கள். ஈரத்துக்கு வழி அடைந்தது. அது செங்கல்லின் வழியாக வெளியேறப் பார்த்து, பனிக்காலத்தில் உள்ளேயே உறைந்து விரிந்து, செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துத் தள்ளியது. இடுக்கில் சிமென்ட் அப்படியே நிற்க, கல் மட்டும் குழிந்துபோன சுவர்களை அந்த ஊர் முழுக்கப் பார்க்கலாம். காரைக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர்களில் சிமென்ட் பூசி, அது ஓதம் ஏறிப் பாளமாக உதிர்வதைக் கண்டவர்களுக்கு இது புரியும். உறைபனி இல்லாத ஊரில் அந்த வேலையை உப்பு செய்கிறது.

மருமகன் முதலில் விலை பேசியிருந்தது மேற்கு பிலடெல்பியாவில் 1915 வாக்கில் கட்டிய வரிசை வீடு. டிராம் வண்டி போன தடத்தையொட்டி வளர்ந்த தெருக்கள் அவை. முன்னால் திண்ணை மாதிரி ஒரு போர்ச், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர், மேலே தார் பூசிய தட்டைக் கூரை. பார்த்ததும் பிடித்துப்போகும் வீடு. பரிசோதகர் அதைப் பிடிக்கும்படி பார்க்கவில்லை. நேராக பேஸ்மென்ட்டுக்கு இறங்கினார்.

கருங்கல் அடுக்கிக் கட்டிய கடைக்கால். சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தலைக்கு மேலே மரச்சட்டங்களில் பீங்கான் குமிழ்களைப் பற்றிக்கொண்டு இரண்டு கம்பிகள் தனித்தனியாக ஓடின. 1880கள் முதல் 1940கள் வரை போட்ட மின்கம்பி முறை அது. எர்த் கிடையாது. போட்ட காலத்தில் ஒரு வீட்டுக்குச் சில பல்புகள்தான். இன்றைக்கு ஏ.சி.யும் மைக்ரோவேவும் அதன் தலையில் ஏறி நிற்கின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் பல இந்தக் கம்பியைக் கண்டால் முகம் சுளிக்கின்றன. பக்கத்தில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வெளியே நன்றாகத்தான் இருக்கும், உள்ளே துருப்பிடித்துத் துவாரம் சுருங்கியிருக்கும். மேல்மாடிக் குழாய் இரண்டை ஒரே நேரத்தில் திறந்து, தண்ணீர் நூலாவதைக் காட்டினார். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் குடிநீர்க் குழாயைச் சாவியால் சுரண்டினார். மங்கலான சாம்பல் நிறம் போய்ப் பளபளத்தது, நகம் பட்டாலே கோடு விழுந்தது. ஈயக் குழாய்.

கழிவுநீர்க் குழாய் சுட்ட மண்ணால் ஆனது. அதன் இணைப்புகளில் தெருமரத்தின் வேர் நுழையும். இதற்கென்றே கேமரா வைத்த நீண்ட கம்பியை உள்ளே விட்டுப் பார்க்கும் ஆள் தனி, கட்டணமும் தனி. திரையில் வேர் சடைசடையாகத் தெரிந்தது.

குளியலறையில் அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஃப்ளஷ் தொட்டியின் பீங்கான் மூடியைத் தூக்கித் திருப்பினார். உள்பக்கம் அது சூளையிலிருந்து வந்த தேதி முத்திரையாகப் பதிந்திருந்தது. சமீபத்தில் மாற்றிய புதுக் குளியலறை என்று விற்பவர் சொன்னாலும் மூடி உண்மையைச் சொல்லிவிடும். வெந்நீர்த் தொட்டியின் வயதை அதன் தொடர் எண்ணில் படித்தார். வீட்டுக்கு ஒரு வயது, அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

மருமகனைக் கடைசியாக நிறுத்தியது ஜன்னல். மேலும் கீழும் சறுக்கும் மரச்சட்டங்களில் பெயின்ட் பல அடுக்கு. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978இல். அதற்கு முந்தைய வீடு என்றால், ஈயம் பற்றித் தெரிந்ததை எழுத்தில் சொல்லி, சோதித்துப் பார்க்க வாங்குகிறவருக்கு 10 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது மத்தியச் சட்டம். ஜன்னலைத் திறந்து மூடும்போதெல்லாம் சட்டம் உரசித் தூசி விழும். தவழும் குழந்தை அதைத் தொட்ட கையை வாயில் வைக்கும். மூளை வளரும் வயதில் ஈயம் செய்யும் கேடு திரும்பச் சரியாவதில்லை. அவன் வீட்டில் நடை பழகும் குழந்தை இருக்கிறது. ஈயம் மட்டும் என்றால் செலவு செய்து தீர்த்திருப்பான். ஈயம், கம்பி, குழாய், வேர் எல்லாம் சேர்ந்தபோது கணக்கு ஒத்துவரவில்லை.

நகரின் வடக்கே லோகன் என்றொரு பகுதி. பரிசோதகர் அங்கேயும் போய்வரச் சொன்னார். "வீடு எதுவும் இருக்காது, அதைத்தான் பார்க்க வேண்டும்" என்றார். வீடுகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் புல் வளர்ந்த வெட்டவெளி. விங்கஹாக்கிங் என்ற ஓடையைக் கழிவுநீர்க் குழாய்க்குள் அடைத்து, பள்ளத்தை நிலக்கரிச் சாம்பலால் நிரப்பி, அதன்மேல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரிசை வீடுகளைக் கட்டினார்கள். சாம்பல் மெல்ல அமிழ்ந்தது. 1986இல் ஒரு எரிவாயு வெடிப்புக்குப் பிறகு ஆராய்ந்தபோது, நூற்றுக்கணக்கான வீடுகள் சாய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. குடும்பங்களை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். சுவர் ஒழுங்கு, கூரை ஒழுங்கு, காலடி மண் மட்டும் பொய். பரிசோதகரின் அறிக்கையில் அடிமண் வராது. பழைய வரைபடத்தை எடுத்து, ஓடை எங்கே ஓடியது என்று வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏரிப்பெயரோடு நகர் முளைக்கும் சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றை ஒட்டி வடகிழக்கே போனோம். லெவிட்டவுன். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கா வீடு கட்டிய விதத்தை மாற்றிய பெயர் வில்லியம் லெவிட். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஓர் ஊரைக் கட்டிவிட்டு, பென்சில்வேனியாவில் 1952 முதல் 1958 வரை 17,311 வீடுகளைக் கட்டினார். பக்கத்தில் அப்போதுதான் பெரிய எஃகு ஆலை வந்திருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு, அந்தக் குழு வீடு வீடாக நகர்ந்து அதே வேலையை மட்டும் செய்யும். தெருக்களில் நடந்தால் இன்று எல்லா வீடும் வேறு வேறு முகம் காட்டுகிறது. எழுபது வருடத்தில் ஒவ்வொருவரும் ஓர் அறையைச் சேர்த்திருக்கிறார்கள், கூரையை உயர்த்தியிருக்கிறார்கள். எலும்பு மட்டும் ஒன்றே.

அந்த எலும்பில் பரிசோதகர் தேடுவது தரைக்கு அடியில் இருக்கிறது. செலவைக் குறைக்க பேஸ்மென்ட்டை விட்டுவிட்டு, நிலத்தின்மேல் கான்கிரீட் பலகை போட்டு அதன்மேல் வீடு. குளிருக்கு, அந்தக் கான்கிரீட்டுக்குள்ளேயே செம்புக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து வெந்நீர் ஓடவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது புதுமை. தரையே கதகதப்பாக இருக்கும், சுவரோரம் ஹீட்டர் கிடையாது. செம்பு கான்கிரீட்டுக்குள் ஓட்டையானால் ஓட்டை எங்கே என்று எப்படித் தெரியும்? ஓரிடம் மட்டும் அதிகம் சுடும், தண்ணீர் மீட்டர் சும்மா சுற்றும். பல வீடுகளில் தரைக்குழாயைக் கைவிட்டு வேறு வெப்பமூட்டும் முறைக்குப் போய்விட்டார்கள். அந்த வயது வீட்டில் ஒன்பது அங்குலச் சதுர ஓடு பதித்த தரை தெரிந்தால், ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், பெயர்க்காதீர்கள் என்று எழுதுவது வழக்கம்.

லெவிட்டவுனின் பெரிய குறை சுவரில் இல்லை. கறுப்பர்களுக்கு வீடு விற்க லெவிட் மறுத்தார். 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்ஸி மையர்ஸ் தம்பதி வேறொருவரிடமிருந்து அங்கே வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது, வாசலில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. அந்தத் தெருவில் இன்று அமைதியாகப் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் 1980களின் அடுக்கு வீடுகளைப் பரிசோதகர் சொன்னதை நினைத்துக்கொண்டே பார்த்தேன். அந்தக் காலத்து அதிசயங்கள் இரண்டு. ஒன்று, சாம்பல் நிற பாலிபியூட்டிலீன் தண்ணீர்க் குழாய். 1978 முதல் 1995 வரை லட்சக்கணக்கான வீடுகளில் போட்டார்கள். தண்ணீரில் கலக்கும் குளோரின் அதை உள்ளிருந்து நொறுக்கியது. வழக்குகளுக்குப் பின் 1995இல் நிறுவனங்கள் 95 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. இன்னொன்று, தீ ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பரவாதிருக்க ரசாயனம் ஏற்றிக் கூரையில் வைத்த பிளைவுட். கோடையில் பரண் சூடானபோது அந்த ரசாயனமே மரத்தைத் தின்றது. கூரைமேல் நடந்த ஆளின் கால் உள்ளே இறங்கும் அளவுக்கு அது நொறுங்கியது.

அடுத்து மருமகன் பேசியது, செஸ்டர் கவுன்டியில் 2003இல் கட்டிய வீடு. நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறிய வட்டாரம். இரண்டு மாடி உயர முன்கூடம், கிரானைட் மேடை, கார் மூன்று நிற்கும் ஷெட். குழந்தைக்குத் தனி அறை, ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்குக் கீழேயே ஓர் அறை. "இதுல என்ன குறை இருக்கப்போகுது மாமா" என்று அவன் என் காதில் சொன்னான். பரிசோதகர் உள்ளே வரவில்லை. வெளிச்சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

சுவர் முழுக்க ஸ்டக்கோ, அதாவது மேற்பூச்சு. பூச்சுக்குப் பின்னால் நம் ஊர்போலச் செங்கல் இல்லை. மரச்சீவல்களை அழுத்திச் செய்த பலகைதான். கூரையின் சரிவு சுவரில் வந்து முட்டும் இடத்தில், மழைநீரைச் சுவரைவிட்டு வெளியே திருப்பி ஓட்டுக்கால்வாயில் தள்ள ஒரு சின்னத் தகடு இருக்க வேண்டும். அங்கே அது இல்லை. அந்தத் தகட்டின் விலை சில டாலர். அது இல்லாததால் கூரையில் விழும் மழையெல்லாம் பூச்சுக்குப் பின்னால் இறங்கும். ஜன்னல் மூலைகளிலும் இதே கதை. பழைய வீட்டுச் சுவரில் காற்று புகுந்து ஈரம் காய்ந்துவிடும். மின்செலவைக் குறைக்க இறுக்கமாகக் கட்டிய சுவரில், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த ஈரத்துணி மாதிரி பலகை உள்ளேயே அழுகும். வெளியே பூச்சு மாசில்லாமல் இருக்கும்.

1990களின் நடுவிலிருந்து 2000களின் பாதிவரை அந்தப் பகுதியில் வேகவேகமாகக் கட்டிய வீடுகள் பலவற்றில் இது நடந்தது. 'பிலடெல்பியா இன்குவயரர்' நாளிதழ் 2018இல் விரிவாக எழுதியபோது பலருக்குத் தங்கள் சுவரைப் பற்றியே தெரியவந்தது. பென்சில்வேனியா முழுவதற்குமான பொதுக் கட்டட விதி நடைமுறைக்கு வந்தது 2004இல்தான். கட்டி முடித்து 12 ஆண்டு கடந்தால் கட்டியவர்மேல் வழக்குப் போடுவதும் அநேகமாக முடியாது. அழுகல் வெளியே தெரியவே பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிடுகிறது.

உண்மை தெரிய ஒரே வழி, ஸ்டக்கோவுக்கென்றே இருக்கும் ஆளை வைத்து, ஜன்னல்களுக்குக் கீழே சின்னத் துளைகள் போட்டு ஈரமானியைச் செருகிப் பார்ப்பது. அதற்கு விற்பவரின் சம்மதம் வேண்டும். அவர் சம்மதிக்கவில்லை. மருமகன் அன்று இரவே விலகினான். வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். எனக்கு, துளைபோட விடாத அந்த மறுப்பே ஓர் அறிக்கையாகப் பட்டது.

அவன் கடைசியில் வாங்கியது, வடமேற்கே மான்ட்கோமரி கவுன்டியில் 1968இல் கட்டிய வீடு. பாதி மாடி ஏறினால் படுக்கையறை, பாதி மாடி இறங்கினால் கூடம் என்று தளம் பிரித்த, அழகென்று சொல்ல எதுவும் இல்லாத செங்கல் வீடு. வருடத்தைக் கேட்டதும் பரிசோதகர் மின்பெட்டியைத் திறந்தார். செம்பு விலை ஏறியதால், 1965 முதல் 1973 வரை பல வீடுகளில் அலுமினியக் கம்பியைப் போட்டார்கள். அலுமினியம் சூட்டில் அதிகம் விரிந்து சுருங்கும், திருகாணி தளரும், தளர்ந்த இடம் மேலும் சூடாகும். 1972க்கு முன் அலுமினியம் போட்ட வீடுகளில் மின் இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலைக்குப் போக, செம்புக் கம்பி வீடுகளைவிட 55 மடங்கு வாய்ப்பு என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்ன கணக்கு. வீட்டை உடைத்துக் கம்பியை உருவ வேண்டியதில்லை. ஒவ்வொரு பிளக்கிலும் சுவிட்சிலும் தகுந்த இணைப்பான் வைத்து, செம்புத் துண்டு ஒன்றைச் சேர்த்தால் போதும். சமையலறையிலும் குளியலறையிலும் நம் ஊரில் இ.எல்.சி.பி. செய்யும் வேலையைச் செய்கிற பிளக் இல்லை. குளியலறைக்கு அந்த விதி வந்ததே 1970களில்தான், சமையலறைக்கு 1980களில்.

அந்த வட்டாரத்தில் இன்னொரு சோதனையை யாரும் விடுவதில்லை. 1984 டிசம்பரில், அருகில் லிமரிக் என்ற இடத்தில் கட்டப்பட்டுவந்த அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் கதிரியக்க எச்சரிக்கைக் கருவியைக் கடந்தபோது அது அலறியது. உலை இன்னும் இயங்கத் தொடங்கவே இல்லை. அவர் நிலையத்துக்குள் நுழையும்போதே கருவி அலறுகிறது என்று பிறகு தெரிந்தது. கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து வந்தது. பாறையில் இருக்கும் யுரேனியம் சிதைந்து உண்டாகும் ரேடான் வாயு, பாயர்டவுன் அருகே இருந்த அவர் வீட்டுக்குள் தரை வழியாக ஏறியிருந்தது. இன்று லிட்டர் காற்றுக்கு 4 பிகோக்யூரி வந்தாலே சரிசெய்யச் சொல்கிறார்கள். அவர் வீட்டில் இருந்தது சுமார் 2,700. புகைக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் இந்த மணமற்ற வாயு. பென்சில்வேனியாவில் ஏறக்குறைய 40 சதவீத வீடுகளில் வரம்பு மீறுகிறது என்கிறது மாநில அரசு. இதற்கு வீட்டின் வயது ஒரு பொருட்டல்ல. நேற்றுக் கட்டிய வீட்டிலும் ஏறும்.

மருமகன் பார்த்த வீட்டில் கருவியை இரண்டு நாள் வைத்து எடுத்தார்கள். வரம்பைத் தாண்டியிருந்தது. அதற்கு வைத்தியம் எளிது. தரையில் துளை போட்டு ஒரு குழாயை இறக்கி, சின்ன விசிறி வைத்து வாயுவைக் கூரைக்கு மேலே தள்ளிவிடலாம். அந்தச் செலவை விற்பவர் ஏற்றார், மின்வேலைக்கு விலையில் கழித்துக்கொடுத்தார். அலுமினியம், ரேடான், பதினைந்து வயதான வெந்நீர்த் தொட்டி, பின்பக்கம் வீட்டை நோக்கிச் சரிந்திருந்த மண். இத்தனை குறை எழுதிய வீட்டை ஏன் வாங்கினான் என்று என் தங்கை போனில் கேட்டாள். எழுதியிருந்ததால்தான். ஒவ்வொரு குறைக்கும் பெயர் இருந்தது, வயது இருந்தது, சரிசெய்ய விலை இருந்தது. குறையே தெரியாத வீட்டுக்கு அந்த விலையைப் போட வழியில்லை.

பழைய வீடு பலம், புது வீடு சுகம் என்று நாம் பேசுவதில் பாதிதான் உண்மை. தரைக்குள் வெந்நீர், அலுமினியக் கம்பி, தீ தாங்கும் பிளைவுட், இறுக்கமான சுவர் எல்லாமே வந்த காலத்தில் விளம்பரத்தில் நின்ற பெருமைகள். ஒரு காலத்தின் பெருமையைத்தான் அடுத்த தலைமுறைப் பரிசோதகர் முதலில் சந்தேகிக்கிறார். எல்லா வயது வீட்டுக்கும் பொதுவாக அவர் எழுதியது ஒன்று உண்டு. மழைநீர் எங்கே விழுகிறது, எங்கே போகிறது என்பது.

நம் ஊரில் வீடு வாங்கும்போது மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டுகிறோம். வாசல் எந்தத் திசை என்று பார்க்க ஆள் அழைக்கிறோம். கட்டடத்தைப் பார்ப்பவர் யார்? வங்கி அனுப்பும் பொறியாளர், கடனுக்கு ஈடாகுமா என்று வங்கிக்காகப் பார்க்கிறார். உங்களுக்காகப் பார்க்க ஒரு கட்டடப் பொறியாளரை முன்பணம் கொடுப்பதற்கு முன் அழைத்துப் போங்கள். நீங்கள் செலுத்தும் பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் அவருடைய கட்டணம் சிறியது. முடிந்தால் ஐப்பசி மழையில் போங்கள். மொட்டைமாடிக்கு அடியில் இருக்கும் தளம், குளியலறைக்குக் கீழ்வீட்டுக் கூரை, கான்கிரீட் பெயர்ந்து துருக்கம்பி தெரியும் பால்கனி, எர்த் இணைப்பு இவற்றைக் காட்டச் சொல்லுங்கள். புது அடுக்ககம் என்றால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையை எடுத்துச் சொன்னால், கட்டுநர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள் ஒருமுறை முழுச் சோதனை செய்து, குறைகளை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு உதிரும் பூச்சுக்குச் செலவு உங்களுடையது.